பாப்பாயின் கீரை டப்பா: ஊடகம் மாறினால் ஒரு கார்ட்டூன் கதாபாத்திரம் என்ன ஆகிறது?

கப்பல்காரன் பாப்பாய் என்றதும் கீரை டப்பாதான் நினைவுக்கு வரும். ராமேஸ்வரம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, எங்கே கேட்டாலும் டிவியில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நன்றாக அடி வாங்குவான், டப்பாவை ஒரு பிழி பிழிவான், கீரை வாய்க்குள் போகும், முன்கை திரளும், வில்லன் புளூட்டோ பறப்பான். ஆனால் 1929 ஜனவரி 17 அன்று பாப்பாய் முதன்முதலாக அமெரிக்கச் செய்தித்தாளில் தலைகாட்டியபோது அவனிடம் கீரை இல்லை. புளூட்டோ என்று ஒரு ஆளே பிறக்கவில்லை. பாட்டு இல்லை, கரகரத்த குரல் இல்லை. அத்தனையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஒரு கதாபாத்திரம் செய்தித்தாளிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து வானொலிக்கும், அங்கிருந்து வீடியோ கேமுக்கும் போகும்போது எது கூடவே போகிறது, எது உதிர்ந்துவிடுகிறது, எது புதிதாக ஒட்டிக்கொள்கிறது? கார்ட்டூன் வரையப் பழகுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கடல்காரன் ஒருவனை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் அதோடு சேர்ந்தே வரும். பிள்ளைகளை உட்காரவைத்து வரையப் பழக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. அதற்கான செய்முறை கடைசியில் இருக்கிறது.

செய்தித்தாள்: நாளுக்கு ஒரு துண்டு

எல்ஸி கிரிஸ்லர் சீகர் என்ற ஓவியர் 1919 டிசம்பரில் 'திம்பிள் தியேட்டர்' என்ற படத்தொடரை ஆரம்பித்தார். தினத்தந்தியில் கன்னித்தீவு படித்தவர்களுக்குத் தினசரிப் படத்தொடர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சில கட்டங்கள், கொஞ்சம் பேச்சு, மிச்சம் நாளைக்கு. அந்தத் தொடரின் நாயகி ஆலிவ் ஆயில். அவளுக்கு காஸ்டர் என்று ஒரு அண்ணன், ஹாம் கிரேவி என்று ஒரு காதலன். ஒன்பது வருஷத்துக்கும் மேல் இவர்களை வைத்தே தொடர் ஓடியது.

ஒருநாள் காஸ்டருக்கு ஒரு அதிசயக் கோழி கிடைக்கிறது. அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம். அந்தக் கோழியோடு ஒரு தீவுக்குப் போய்ச் சூதாடி ஜெயிக்கலாம் என்று கப்பல் வாங்குகிறார்கள். கப்பலை ஓட்ட ஆள் வேண்டும். துறைமுகத்தில் ஒற்றைக்கண்ணன் ஒருவன் நிற்கிறான். “ஏம்ப்பா, நீ கப்பல்காரனா?” என்று கேட்கிறார்கள். “பின்னே, மாடு மேய்க்கிறவன்னு நெனச்சியா?” என்கிறான். பாப்பாய் பேசிய முதல் வசனமே இதுதான்.

இந்த ஒரு பதிலுக்குள் ஆள் முழுதாக வந்துவிட்டான். எதிரே நிற்பவர் காசு கொடுக்கப்போகிறவர் என்றாலும் வளைய மாட்டான். கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி போடுவான். இலக்கணம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. நங்கூரம் பச்சை குத்திய பருத்த முன்கை, துருத்திய தாடை, வாயில் புகைக்குழாய், ஒரு கண் மூடல். பிறகு எந்த ஊடகத்துக்குப் போனாலும் உடம்பிலும் குணத்திலும் இவை மாறவில்லை.

பலம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. அந்த முதல் கதையில் பாப்பாய் உடம்பில் பல குண்டுகள் பாய்கின்றன. கோழியின் தலையைத் தடவித் தடவி உயிர் பிழைக்கிறான். அந்தப் பயணம் முடிந்ததும் சீகர் அவனைத் தொடரிலிருந்து அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை, சில வாரங்களிலேயே திரும்ப வந்தான். ஹாம் கிரேவி மெல்ல மறைந்தான், தொடரே பாப்பாயுடையதானது. பர்கருக்கு அலையும் விம்பி 1931-இலும், கைக்குழந்தை ஸ்வீட்பீ 1933-இலும், ஜீப் என்ற மாய விலங்கு 1936-இலும் வந்து சேர்ந்தார்கள்.

கீரை? செய்தித்தாளில் அது எப்போதாவது வந்து போகிற ஒரு வேடிக்கைதான். 1932-இல் வந்த ஒரு படத்தில், கீரையில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது, அதனால்தான் பலம் என்று பாப்பாயே காரணம் சொல்கிறான். ‘இரும்புச்சத்து கணக்கில் யாரோ தசமப் புள்ளியை மாற்றி வைத்ததால் பாப்பாய்க்குக் கீரை கிடைத்தது’ என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். சீகர் எழுதியது இரும்பைப் பற்றி அல்ல.

தினசரித் தொடருக்கு ஏன் கீரை தேவைப்படவில்லை? அங்கே ஒரு சண்டை வாரக்கணக்கில் ஓடலாம். நாளுக்கு நாலு கட்டத்தில் பாப்பாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கலாம், யோசிக்கலாம், பேசிப் பேசியே எதிராளியைக் கிறுக்காக்கலாம். நிலைமையைத் தலைகீழாகத் திருப்பும் ஒரு பொருள் வேண்டிய அவசரமே இல்லை. வாசகர் நாளைக்கும் தாளைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை.

திரை: ஏழு நிமிடக் கணக்கு

மேக்ஸ், டேவ் பிளைஷர் சகோதரர்களின் ஸ்டுடியோ 1933 ஜூலையில் பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்தது. பெட்டி பூப் என்ற அவர்களுடைய சொந்த நட்சத்திரத்தின் படம் ஒன்றில் வைத்துப் பார்த்தார்கள். பிடித்துப்போனது. தியேட்டருக்கென எடுத்த பாப்பாய் குறும்படங்கள் 1957 வரை மொத்தம் 231.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. சினிமா ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் வரைய வேண்டும். ஏழு நிமிடத்துக்கு 420 விநாடி, ஆக 5,040 படம். அதுவும் ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு. இத்தனை உழைப்பில் ஏழு நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் ஆளை அறிமுகப்படுத்தி, தகராறு மூட்டி, தோற்கடித்து, ஜெயிக்கவும் வைக்க வேண்டும். வாரக்கணக்கில் சண்டை நடக்க இடமில்லை. தோல்வியிலிருந்து வெற்றிக்குத் திரும்புவது ஒரே நொடியில், வசனம் இல்லாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும்படி நடக்க வேண்டும்.

அந்த நொடிதான் கீரை டப்பா. பிழிகிறான், டப்பா வெடித்துத் திறக்கிறது, இசை மாறுகிறது, முன்கை புடைக்கிறது. படத்துக்கு ஒரு திருப்பம் தேவை, அதைக் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிய வேண்டும். சீகரின் தொடரில் ஒரு ஓரமாகக் கிடந்ததை பிளைஷர்கள் எடுத்து நடுவில் வைத்தது இதற்காகத்தான்.

புளூட்டோ கதையும் அதேதான். சீகர் 1932-இல் ஒரே ஒரு கதைக்காகப் படைத்துவிட்டு மறந்த வில்லன் அவன். ஒவ்வொரு படத்துக்கும் புதிய எதிரியை அறிமுகப்படுத்த ஏழு நிமிடத்தில் நேரம் ஏது? பார்த்ததும் ‘இவன்தான்’ என்று தெரிகிற நிரந்தர எதிரி ஒருவன் வேண்டும். அப்படித்தான் அவன் நிலைத்தான். மறுபுறம், பேச்சிலேயே பிழைத்த காஸ்டருக்குத் திரையில் கிட்டத்தட்ட வேலையே இல்லாமல் போனது.

குரல் முழுக்க முழுக்கத் திரை கொடுத்த சொத்து. முதலில் பில்லி காஸ்டெல்லோ பேசினார். 1935 முதல் ஜாக் மெர்சர். ஆலிவுக்குப் பல காலம் மே க்வெஸ்டல். பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள்: பாப்பாய் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், உதடு அசையாது. பிளைஷர் ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் படம் வரைந்து முடித்த பிறகுதான் குரல் பதிந்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே மெர்சர் மனம்போனபடி சேர்த்த முணுமுணுப்புகள் அவை. வேலை நடந்த வரிசையே குணமாகிவிட்டது. எங்களைக் கேட்டால் பாப்பாய் படங்களில் மிக உயிரோட்டமான பகுதி இந்த முணுமுணுப்புதான், சண்டை அதற்கு அப்புறம்தான்.

1936-இல் வண்ணத்தில் வந்த நீண்ட படத்தில் பாப்பாயின் எதிரி யார் தெரியுமா? சிந்துபாத். கன்னித்தீவின் நாயகனாக நமக்குத் தெரிந்த அதே பெயர், அங்கே புளூட்டோவின் உடம்போடு வருகிறது. அந்தப் படத்தில் சில காட்சிகளில் பாப்பாய் நடக்கும்போது பின்னால் குகையும் பாறையும் நிஜமாகவே ஆழத்தோடு நகரும். உண்மையில் அவை அட்டையிலும் களிமண்ணிலும் செய்வது போன்ற சிறிய அரங்குகள், சுழலும் மேசை மேல் வைத்தவை. கேமராவுக்கும் அரங்குக்கும் நடுவே கண்ணாடியில் நிமிர்த்திப் பிடித்த ஒளிபுகும் தாளில் பாப்பாய். ஒவ்வொரு பிரேமுக்கும் தாளை மாற்றி, மேசையைக் கொஞ்சம் திருப்பி, ஒரு படம் பிடிப்பார்கள். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முந்தைய வேலை.

1941-இல் போர் நெருங்கியபோது பாப்பாய் கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கடற்படையின் வெள்ளை உடுப்பு போட்டான். 1941–42-இல் பாரமவுண்ட் நிறுவனம் ஸ்டுடியோவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் வந்த படங்களில் பளபளப்பு உண்டு, ஆனால் கதை அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. கீரை எப்போது வரும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வானொலி, டிவி, நடிகர், கேம்

1935-இல் தொடங்கிய வானொலி நாடகத்துக்குப் பணம் கொடுத்தது வீட்டீனா என்ற கோதுமைக் கஞ்சி நிறுவனம். அதனால் வானொலியில் பாப்பாய் பலத்துக்குக் கீரையைத் தேடவில்லை, கஞ்சி குடித்தான்! கண்ணுக்குத் தெரியாத இடத்தில் டப்பாவுக்கு மதிப்பில்லை. பெயரைச் சொன்னால் போதும், எந்தப் பெயரையும் சொல்லலாம்.

பழைய படங்கள் 1956-இல் டிவிக்கு விற்கப்பட்டு, வீட்டுக்கு வீடு போயின. அந்த வரவேற்பைப் பார்த்து 1960 முதல் 1962 வரை 220 புதிய படங்களை அவசரமாக எடுத்துத் தள்ளினார்கள். அவற்றில் புளூட்டோவின் பெயர் புரூட்டஸ். புளூட்டோ என்ற பெயர் பாரமவுண்டுக்குச் சொந்தம் என்று தப்பாக நினைத்து மாற்றிவிட்டார்கள். அது சீகர் வைத்த பெயர்தான், உரிமை இந்தப் புதிய படங்களை எடுத்தவர்களிடமே இருந்தது. பழைய கோப்பை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

1980-இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய படத்தில் ராபின் வில்லியம்ஸ் பாப்பாயாக நடித்தார். மால்டா தீவின் கடலோரத்தில் ஒரு ஊரையே மரத்தால் கட்டினார்கள், அது இன்றும் சுற்றுலா இடமாக நிற்கிறது. வரைகோட்டில் சுலபமாக இருந்த முன்கைக்கு நிஜ மனிதர் செயற்கைச் சதை மாட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாப்பாய்க்குக் கீரை பிடிக்காது. இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒரு நொடித் திருப்பம் போதாது, மனம் மாறுவதே கதையாகிறது.

கேம் கதை இன்னும் சுவாரசியம். நிண்டெண்டோ என்ற கேம் நிறுவனத்தில் ஷிகேரு மியாமோட்டோ பாப்பாயை வைத்து ஒரு கேம் செய்ய நினைத்தார். உரிமை கிடைக்கவில்லை. ஆள்களை மாற்றினார்: புளூட்டோ இடத்தில் ஒரு குரங்கு, ஆலிவ் இடத்தில் ஒரு பெண், பாப்பாய் இடத்தில் ஒரு தச்சன். 1981-இல் வந்த ‘டாங்கி காங்’ அதுதான். அந்தத் தச்சன் பிறகு மரியோ ஆனான். மூவருக்கும் இடையே இருந்த உறவு அப்படியே நின்றது, முகங்கள் மட்டும் போயின. அடுத்த வருஷம் உரிமை கிடைத்து பாப்பாய் பெயரிலேயே கேம் வந்தது. அதில் ஆலிவ் மேலிருந்து இதயங்களைப் போடுவாள், அவற்றைப் பொறுக்க வேண்டும். கீரை ஒரு கட்டத்துக்கு ஒருமுறைதான். எப்போது எடுப்பது என்று முடிவு செய்வது ஆடுபவர்.

நம் கரையில் ஒரு ஆளை உருவாக்கிப் பாருங்கள்

கேட்டுப் புரிந்ததை விடச் செய்து பார்த்தால்தான் இது பிடிபடும். சின்னப்பாலம் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் அக்கா ஒருவரைக் கதாபாத்திரமாக எடுத்துக்கொள்வோம். நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. தொழிலே அவருக்கு உருவம் கொடுத்துவிட்டது.

முதல் வேலை மாதிரித் தாள். ஒரே தாளில் முன், பக்கம், முக்கால், பின் என்று நாலு நிலைகளில், தலையைப் போல் நாலு மடங்கு உயரத்தில் வரையுங்கள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பி மூன்று மீட்டர் தள்ளி ஒட்டுங்கள். கண்ணாடியும் பையும் அந்த நிழலிலேயே தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் பையைப் பெரிதாக்குங்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுங்கள். பூப்போட்ட சேலை வேண்டாம். ஒரு படத்தில் அழகாக இருக்கும், 48 முறை வரையும்போது பூ தாளுக்குத் தாள் இடம் மாறித் துடிக்கும். சட்டைக்கு ஒற்றை நிறம் போதும்.

படத்தொடருக்கு ஏ4 தாளைக் குறுக்காக வையுங்கள். இரண்டு பக்கமும் 1.5 செ.மீ. விட்டால் மிஞ்சுவது 26.7 செ.மீ. கட்டத்துக்கு 6.3 செ.மீ., இடையில் அரை செ.மீ. என்றால் நாலு கட்டம் சரியாக உட்காரும். எழுத்தை முதலில் எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றிக் குமிழி போடுங்கள். முதலில் குமிழி போட்டால் தமிழ்ச் சொல் உள்ளே அடங்காமல் எழுத்து சுருங்கி, கடைசி வரி படிக்கவே முடியாமல் போகும். ஒரு குமிழிக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பேச்சு, கரையில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும்:

“என்னத்தா, கடலு கலங்கிக் கெடக்கே, எறங்குறியா?”

“கலங்குனது கடலுதானே, நானா?”

பாப்பாயின் முதல் பதில் செய்த வேலையை இந்த இரண்டாவது வரி செய்கிறது. தாளில் அக்காவின் பலம் வாய்ப்பேச்சுதான்.

அதே ஆளை அசைய வைக்க வேண்டுமா? ஆறு ஏ4 தாளை ஒவ்வொன்றும் எட்டாக வெட்டினால் 48 சிறு தாள். இடது ஓரம் 3 செ.மீ. வெறுமையாக விட்டுக் கிளிப் போடுங்கள். அடித்தாளிலிருந்து மேல்நோக்கி வரைந்து வந்தால் கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும், அடுத்த நிலையைச் சரியாக வைக்கலாம். விநாடிக்கு 12 என்று புரட்டினால் நாலு விநாடி. அதைப் பங்கிடும் விதம்: மூச்சிழுத்து நிற்பதற்கு 6, குனிவதற்கு 4, முங்குவதற்கு 6, ஆள் இல்லாமல் குமிழி மட்டும் 12, மேலே வருவதற்கு 8, கைநிறையப் பாசியைத் தூக்கிக் காட்டுவதற்கு 12. அந்த வெறும் குமிழி நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். பார்ப்பவர் மூச்சுப் பிடிப்பது அங்கேதான். கீரை டப்பா செய்த வேலையை இங்கே செய்வது அந்தக் காத்திருப்பு.

பெரும்பாலும் கெட்டுப்போவது முங்கும் இடம். ஆறு படத்துக்கும் சம தூரம் வைத்தால் அக்காவைக் கப்பியில் கட்டி இறக்குவது போலிருக்கும். முதல் இரண்டும் கடைசி ஒன்றும் நெருக்கமாக, நடுவில் உள்ளவை அகலமாக இருக்கட்டும். கடற்காற்று ஈரத்தில் தாள் தொய்ந்துபோய் இரண்டிரண்டாகப் புரளும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, புரட்டும் முன் கொஞ்சம் வெயில் காட்டுங்கள்.

கொஞ்சம் பழகியபின் பிளைஷர்களின் சுழல்மேசையையும் போனை வைத்துச் செய்யலாம். ஒரு கண்ணாடிப் பலகையை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் வரைந்த அக்கா. அரை மீட்டர் பின்னால் அட்டையில் செய்த கரை, வல்லம், தூரத்தில் பாம்பன் பாலம். ஒவ்வொரு படத்துக்கும் அட்டைக் கரையை 3 மி.மீ. நகர்த்துங்கள். கண்ணாடியில் போனே பிரதிபலித்துவிடும், அதனால் போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்ட வேண்டும். போனில் போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக் குறைந்து கண் கூசும். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்துவதும் முக்கியம்.

குரல் விஷயத்தில் இரண்டு வழி. உதடு பொருந்த வேண்டுமானால் குரலை முதலில் பதிந்து அதற்கு வரையுங்கள். முணுமுணுப்பு போதுமென்றால் படத்தை ஓடவிட்டுப் பிறகு பேசுங்கள். தொடக்கக்காரர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

பாப்பாயையே வரைந்து விற்கலாமா என்று பலர் கேட்பார்கள். 1929-இல் வந்த பாப்பாய் படங்கள் மீதான அமெரிக்கப் பதிப்புரிமை 2025 ஜனவரி 1 அன்று முடிந்தது. அது அந்த வருஷத்துத் தொடருக்கு மட்டும்தான். பிறகு வந்த திரைப்படங்கள், பாட்டு, அவற்றில் மட்டும் உள்ள உருவங்கள் அதில் சேராது. பெயர் மீதான வணிக முத்திரை உரிமையும் தனியாக நிற்கிறது. பழகுவதற்கு வீட்டில் வரைவதில் தடையில்லை, சட்டையில் அச்சடித்து விற்பது வேறு. பாசி அக்காவுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இந்தியச் சட்டப்படி வரைந்த கணமே உரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. மாதிரித் தாளின் பின்புறம் பெயரும் தேதியும் எழுதி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து வரைந்தால் நாலு பெயரும் அதில் இருக்க வேண்டும்.